வாகனம் கேள்வி பதில்: எஞ்சின் மாற்றிய காரில் ஐட்லிங் நடுக்கம்

கேள்வி: அன்பின் ஐயா, என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோலா சீ.ஈ. 100 கார். அதன் 2சீ டீசல் எஞ்சின் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கியதால், பஞ்சிகாவத்தையில் 5ஏ-எஃப்.ஈ. பெற்றோல் எஞ்சின் ஒன்றை வயரோடும் கம்பியூட்டர் பெட்டியோடும் வாங்கி, இங்கேயே ஒரு கராஜில் மாற்றினோம். ஏற்றத்தில் நன்றாக இழுக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் ஆசனமும் ஸ்டியரிங்கும் நடுங்குகின்றன. மீற்றரில் 900 சுற்றுக் காட்டுகிறது. பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கும்போது ஏ.சி. போட்டால் எஞ்சின் நின்றேவிடுகிறது. பெற்றோலும் அதிகம் செல்கிறது. வெப்ப முள் கால்பங்குக்கு மேல் ஏறியதே இல்லை. அது நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, மெப் சென்சர் எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது கராஜ் பாஸ் (மெக்கானிக்) வெக்கியூம் மீற்றரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, முள் ஆடாமல் 15 அங்குலத்தில் (பாதரச அளவு) நிற்பதால் டைமிங் பெல்ட்டோ வால்வோ பிழை, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். கழற்றலாமா?
— ஒரு வாசகர், ஹற்றன்

பதில்: கழற்ற வேண்டாம். உங்கள் பாஸ் சொல்வது கொழும்பில் சரி, ஹற்றனில் சரியில்லை. வெக்கியூம் மீற்றர் எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டும் தனியே அளப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையே அளக்கிறது. கிணற்றுக் கட்டின்மேல் நின்று கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்கும் ஒருவருக்கு, கட்டை இரண்டு முழம் இடித்துத் தாழ்த்திவிட்டால், தண்ணீர் ஓர் அங்குலமும் ஏறாமலே கயிறு இரண்டு முழம் குறைந்துவிடும் அல்லவா, அதைப் போன்றதே இது. ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வாசிப்பு குறையும். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான எஞ்சின் 18 முதல் 20 அங்குலம் வரை காட்டும் என்றால், நாலாயிரம் அடியைத் தாண்டிய ஹற்றனில் அதே எஞ்சின் 14 முதல் 16 வரைதான் காட்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு அதை ஓட்டிச் சென்றால் இன்னும் இரண்டு அங்குலம் போய்விடும். ஆகவே ஆடாமல் அசையாமல் 15இல் நிற்கும் முள், உங்கள் வால்வுகளும் டைமிங் பெல்ட்டும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன என்பதற்கான சாட்சி. வால்வு எரிந்திருந்தால் முள் ஒழுங்கான இடைவெளியில் துடித்திருக்கும்.

எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை உணரும் மெப் சென்சரை மாற்றியதும் இதே தவறின் இன்னொரு முகமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எஞ்சின் ஓடாமல் சுவிட்சை மட்டும் போட்ட நிலையில், அந்தச் சென்சர் கம்பியூட்டருக்குச் செய்தி அனுப்பும் வயரில் கடல் மட்டத்தில் 3.6 வோல்ட் அளவு இருக்கும். ஹற்றனில் 3.2 அளவுக்கு இறங்குவது இயல்பு; மெலிந்த காற்றைச் சென்சர் சரியாகவே உணர்கிறது என்பதுதான் அதன் பொருள். கையேட்டின் எண்ணை மலையில் அப்படியே வைத்துப் பார்த்தால் நல்ல சென்சரும் கெட்டதாகத் தெரியும். கழற்றிய பழைய சென்சர் இன்னும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) பார்ப்பதானாலும் புத்தகத்து எண்ணோடு ஒப்பிடாமல், நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடச் சொல்லுங்கள்; ஒன்றுக்கொன்று வித்தியாசம் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஹெட்டைத் தொடக் காரணமே இல்லை.

எஞ்சின் மாற்றிய வண்டி எதுவாயினும், கோளாறு எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதைவிட, பழைய வண்டியும் புதிய எஞ்சினும் சந்திக்கும் மூட்டுகளில் இருப்பதே அதிகம் என்பது என் அனுபவம். ஜப்பானில் அந்த எஞ்சின் தன் சொந்த வண்டியில் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். அதைக் கழற்றியபோது வெட்டப்பட்டவையும், இங்கே பொருத்தியபோது எங்கே இணைப்பதென்று தெரியாமல் சுருட்டி வைக்கப்பட்டவையும், டீசல் எஞ்சினுக்கென்று இருந்து அப்படியே விடப்பட்டவையும்தான் முதலில் தேடப்பட வேண்டியவை. பிளக்கும் வயரும் மாற்றுவது எளிது. அதனால்தான் எல்லோரும் அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

தேடலைத் தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும்: எஞ்சின் உண்மையிலேயே ஒழுங்கின்றி எரிகிறதா, அல்லது ஒழுங்காக ஓடும் எஞ்சினின் அதிர்வு வண்டியின் உடலுக்குள் வருகிறதா? எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, சைலன்சர் குழாயின் வாயருகே ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். அது ஒரே சீராகப் படபடத்தால் நான்கு சிலிண்டர்களும் எரிகின்றன; இடையிடையே உள்நோக்கி இழுபட்டால் ஒன்று தவறுகிறது. பிறகு பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின்னிணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பிளக் வயரைக் கழற்றிப் பார்ப்பதுதான் நம் கராஜ்களின் வழக்கம் என்றாலும், அதில் எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போகும், கையிலும் அடிக்கும்; இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றுவது இரண்டுக்கும் இடம்தராது. நான்கிலும் எஞ்சின் ஒரே அளவாகத் தளர்ந்தால் கோளாறு எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானது. ஒன்றைக் கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், இன்ஜெக்டர், இன்ஜெக்டரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் என்று தேடல் குறுகிவிடும்.

கடதாசி சீராகப் படபடத்தும் ஆசனம் நடுங்குமானால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக டீசல் எஞ்சினின் மவுண்டுகளையே விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது. வேறொரு பாரத்துக்கும் வேறொரு அதிர்வுக்கும் செய்யப்பட்ட ரப்பர், இந்த எஞ்சினின் அடியில் ஒன்றில் இறுகி நிற்கும், இல்லையேல் ஒரு பக்கம் நசுங்கி இரும்போடு இரும்பு தட்டும். மவுண்டின் போல்ட்டுகளை இலேசாகத் தளர்த்தி, எஞ்சினை அதன் போக்கில் அமரவிட்டு, மீண்டும் இறுக்கிப் பார்ப்பதற்குச் செலவில்லை. சைலன்சர் குழாய் எங்காவது உடலில் உரசுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் நல்லது என்று எண்ணி எழுதிய ஒரு வரியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெப்ப முள் கால்பங்கைத் தாண்டுவதில்லை என்றால், மீற்றருக்குப் பொருந்தாத சென்சரை இணைத்திருக்கலாம். ஆனால் பெற்றோலும் அதிகம் செல்வதால், எஞ்சினில் தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வு) இல்லை என்றே நான் ஊகிக்கிறேன். எஞ்சின் சூடாகிவிடக் கூடாதே என்ற அச்சத்தில் அதைக் கழற்றி எறிவது நம் நாட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. கொழும்பு வெயிலில் அதன் தீங்கு அவ்வளவாகத் தெரியாது. மார்கழி, தைக் குளிரில் ரேடியேற்றர் வழியே தண்ணீர் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால், 80 பாகைக்கு மேல் வேலைசெய்ய வேண்டிய எஞ்சின் 50, 60 பாகையிலேயே நின்றுவிடும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்பியூட்டர் நம்பிக்கொண்டு பெற்றோலைக் கூட்டிக் கொடுத்தபடியே இருக்கும். பிளக்கில் கரி படியும், ஐட்லிங் தடிக்கும், செலவு ஏறும். 82 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டு, ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீர்ப் பாதையிலுள்ள காற்றையெல்லாம் வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழிக்குள் அகப்பட்ட சென்சரும் பொய்தான் சொல்லும். கம்பியூட்டருக்குச் செய்தி சொல்வது மீற்றருக்குரிய ஒற்றை வயர்ச் சென்சர் அன்று, இரண்டு வயருள்ள மற்றது. அதன் தடை குளிரில், அதாவது 20 பாகையில், 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீற்றர் இதற்குப் போதும்.

ஏ.சி. போட்டதும் எஞ்சின் நிற்பதற்குக் காரணம் வேறு. ஏ.சி. கொம்ப்ரஷர் பிடிக்கும் கணத்தில், பாரம் வருகிறது என்ற செய்தி ஒரு வயர் வழியாகக் கம்பியூட்டருக்குப் போனால்தான், அது ஐட்லிங் வால்வைத் திறந்து காற்றைக் கூட்டும். முன்விளக்கு, பின்கண்ணாடிச் சூடேற்றி போன்ற மின்பாரங்களுக்கும் இப்படி இன்னொரு வயர் உண்டு. டீசல் வண்டியில் கம்பியூட்டருக்குச் செல்லும் இந்த வயர்கள் இல்லை. அங்கே டீசல் பம்பிலுள்ள ஒரு சிறு நெம்புகோலை வெக்கியூமால் இழுத்தே சுற்றை உயர்த்துவார்கள். ஆகவே பெற்றோல் எஞ்சினோடு வந்த இந்த இரண்டு வயர்களுக்கும் வண்டிப் பக்கத்தில் சோடி கிடைக்காமல், டாஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றிக் கிடக்கும். நான் பார்த்த மாற்று எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். அவற்றை இணைத்தபின்னும் எஞ்சின் தளர்ந்தால், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ரொட்டிலின் கீழுள்ள ஐட்லிங் வால்வைக் கழற்றிக் கரியைக் கழுவுங்கள்.

900 சுற்றுக் காட்டுகிறது என்பதையும் நான் நம்பமாட்டேன். டீசலில் தீப்பொறி என்பதே கிடையாது. அதன் சுற்றுமானி வேறிடத்திலிருந்து வேறு கணக்கில் வரும் துடிப்பை எண்ணி ஓடுவது. அதற்குப் பெற்றோல் எஞ்சினின் இக்னிஷன் துடிப்பைக் கொடுத்தால் எதையாவது காட்டும். சுற்றைக் காட்டும் டைமிங் லைட்டால் அளந்து பாருங்கள். சூடான எஞ்சின் 750 முதல் 800 வரை ஓட வேண்டும். உண்மையில் 600இல் ஓடும் எஞ்சின் நடுங்குவதில் வியப்பில்லை. டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) காதால் கேட்டு வைத்திருந்தால் அதையும் திருத்துங்கள்: சோதனைப் பெட்டியில் டீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்தபின் 10 பாகைக் கோணத்தில் நிற்க வேண்டும். இணைக்காமல் பார்த்தால் கம்பியூட்டர் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதால் நீங்கள் காண்பது உண்மை டைமிங் ஆகாது. இதே இணைப்பில் எஞ்சின் விளக்கு மினுக்கும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். 22 என்றால் தண்ணீர்ச் சென்சர், 31 என்றால் மெப், 41 என்றால் த்ரொட்டில் சென்சர். இடைவிடாத ஒரே சீரான மினுக்கல் வந்தால் கம்பியூட்டரின் பார்வையில் குற்றம் ஏதும் இல்லை. ஐட்லிங்கை உயர்த்துவதற்காக யாராவது த்ரொட்டிலின் திருகைத் திருப்பியிருந்தால், மிதி விடப்பட்டிருக்கிறது என்பதே கம்பியூட்டருக்குத் தெரியாமல் போய், ஐட்லிங்கைக் கட்டுப்படுத்துவதையே அது கைவிட்டுவிடும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

காற்றுக் கசிவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மெப் சென்சருள்ள எஞ்சினில் பொதுவான கசிவு ஏற்பட்டால் சுற்று உயர்வதும், ஏறி இறங்கி அலைவதும்தான் வழக்கம். கூடுதலாக வந்த காற்றையும் சென்சர் உணர்ந்து பெற்றோல் கொடுத்துவிடும். நடுக்கம் வருவதானால் கசிவு ஒரு சிலிண்டரின் வாயருகே இருக்க வேண்டும். உங்கள் முள் 15இல் அசையாமல் நிற்பதால் பெரிய கசிவு இருக்க வாய்ப்பில்லை. ஆயினும் பவர் ஸ்டியரிங் பம்புக்குப் போகும் இரண்டு மெல்லிய ஹோஸ்களைத் தேடிப் பாருங்கள். டீசலின் பம்பையே வைத்துக்கொண்டவர்கள் அந்த ஹோஸ்களின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி விட்டுவிடுவதுண்டு. என் சொந்த வண்டியிலேயே அப்படிச் செருகப்பட்ட ஒரு போல்ட்டின் அடியில் ரப்பர் வெடித்திருந்ததை, இரண்டு மாதமும் மூன்று சென்சர்களும் செலவான பிறகுதான் கண்டுபிடித்தேன். செருகிய கராஜைக் குறைசொல்வதா, ஹோஸைத் தடவிப் பார்க்காத என்னைக் குறைசொல்வதா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் மலைப்பாதையில் உயிர் அதில்தான் இருக்கிறது. டீசல் எஞ்சினில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெக்கியூமை ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த ஒரு பம்ப் தருகிறது. பெற்றோல் எஞ்சினில் அதை, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயான மெனிஃபோல்டிலிருந்து எடுக்க வேண்டும். இடையில் ஒருவழி வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வால்வு இல்லாத வண்டி, ஏ.சி. போட்டு எஞ்சின் நின்ற அந்தக் கணத்திலேயே பூஸ்டரின் உதவியையும் இழந்துவிடும். கினிகத்தேனை இறக்கத்தில் இது நேர்ந்தால் மிதி கல்லாக இறுகிப்போகும். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை அழுத்திப் பாருங்கள்: இரண்டு மூன்று தடவையாவது மென்மையாக இறங்க வேண்டும். முதல் மிதிப்பிலேயே இறுகினால் அந்த வால்வைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது மிதியை அழுத்திப் பிடித்தால் ஐட்லிங் மாறிக்கொண்டே போகிறது என்றால், பூஸ்டரின் உள்ளேயே கிழிசல் இருக்கிறது.

மிச்சமுள்ளவை இரண்டு. எஞ்சினுக்கும் பற்றரியின் மைனசுக்கும் இடையே, முன்விளக்கு எரிய, வோல்ட் அளந்து பாருங்கள், 0.2க்கு மேல் காட்டினால் எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் வயர் போதாது. டீசலின் தாங்கியும் குழாய்களும் அப்படியே இருந்தால், திரும்பும் குழாய் ஒடுங்கிப்போய் பெற்றோல் அழுத்தம் கூடியிருக்கலாம். அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் வெக்கியூம் ஹோஸைக் கழற்றிய நிலையில் அழுத்தம் 38 முதல் 44 பீ.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். முதலில் பிரேக்கைப் பாருங்கள், அடுத்துத் தேர்மோஸ்டாட்டைப் போடுங்கள், ஏ.சி. வயரை இணையுங்கள், பிறகும் நடுங்கினால் இன்ஜெக்டர் சோதனையின் முடிவையும் மினுக்கல் எண்ணையும் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: என் டொயோட்டா டீ.எக்ஸ். வேகனுக்குக் கொழும்பில் வேறொரு 5கே எஞ்சின் போட்டு, கார்பரேட்டரும் அங்கேயே டியூன் செய்து கொண்டுவந்தேன். அங்கே மணியாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஐட்லிங் தடுமாறுகிறது, பிளக் கறுக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: ஏமாற்றவில்லை. உங்கள் ஊர் 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிது. கம்பியூட்டருள்ள எஞ்சின் இதை உணர்ந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவில்லை. கொழும்பில் திருகி வைத்த அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கியபின், கலவைத் திருகை மெல்ல உள்ளே திருப்பி, எஞ்சின் தளரத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றே வெளியே எடுங்கள். அதன்பிறகு சுற்றைத் திருத்துங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் முழுவதும் திறக்கிறதா என்பதையும் பாருங்கள், குளிர்ப்பிரதேசத்தில் அது பாதியில் சிக்கி நிற்பதுண்டு. இப்படித் திருத்திய வண்டி கொழும்புக்கு இறங்கும்போது கலவை சற்று மெலியும். ஒரு நாள் பயணத்துக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம், அங்கே மாதக்கணக்கில் ஓட்டுவதானால் மறுபடியும் திருத்தத்தான் வேண்டும்.

கேள்வி: டீசல் எஞ்சினை எடுத்துவிட்டுப் பெற்றோல் எஞ்சின் போட்டிருக்கிறேன். ஐட்லிங் இன்னும் முழுச் சீராகவில்லை. இப்படியே புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாமா?
— ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: முதலில் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறியிருப்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து திருத்தியிருக்க வேண்டும். புத்தகம் டீசல் என்றும் வண்டி பெற்றோல் என்றும் இருந்தால் பரிசோதனை நிலையத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். டீசலுக்கு மிதியை அழுத்திப் புகையின் கருமையை அளப்பார்கள். பெற்றோல் வண்டியை ஐட்லிங்கிலும் வைத்துக் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளப்பார்கள். ஆகவே ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் தவறினாலும் ஐதரோகாபன் எண் எகிறிவிடும். நடுக்கத்தை நீக்கிய பிறகு போங்கள். போகும் நாளில் வீட்டு வாசலிலிருந்து நேரே நிலையத்துக்குள் நுழையாமல், அரைமணி நேரமாவது ஓட்டி, வெப்ப முள் நடுவுக்கு வந்த பின்னரே வரிசையில் நிறுத்துங்கள்.